கிளப்புக்கு வெளியே ஒரு வைத்தியர், உள்ளே ஒரு பட்லர்: நாம் யாருடைய பேரப்பிள்ளைகள்?

கொன்சேடான் தெருவாசி (யாங்கோன்)

அனைவருக்கும் வணக்கம். மின்சாரம் வராத இரவுகளில் பழைய நூல்களை மறுபடி படிப்பது என் வழக்கமாகிவிட்டது. இந்த மழைக்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'பர்மிய நாட்கள்' கையில் அகப்பட்டது. 1922 முதல் 1927 வரை இந்நாட்டில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர், 1934-இல் வெளியிட்ட நாவல் அது. சௌக்டாடா என்ற சிற்றூரின் வெள்ளைக்காரர் கிளப்பில் ஒரே ஓர் உள்நாட்டுக்காரரை உறுப்பினராகச் சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கைச் சுற்றியே கதை நகர்கிறது. சேர விரும்புகிறவர் வீராசாமி என்ற வைத்தியர். பெயரே தென்னாட்டவர் என்று சொல்லிவிடுகிறது. கிளப்பில் சேர்ந்து அங்கே உட்கார்ந்து விஸ்கி குடிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. உறுப்பினர் என்ற பெயர் கிடைத்துவிட்டால் எதிரிகள் தம்மைத் தொடமாட்டார்கள் என்று நம்புகிறார். அந்தப் பெயர் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

முதல்முறை படித்தபோது எனக்கு வயது இருபது. வைத்தியருக்காக மனம் கொதித்தேன். இந்த முறை கண்ணில் பட்டது வேறோர் ஆள். அதே கிளப்பின் உள்ளே ஒரு பட்லர் இருக்கிறார். அவரையும் ஆசிரியர் திராவிடர் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். பனிக்கட்டி எவ்வளவு மீதமிருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரன் கேட்கிறான்; அவர் பிழையில்லாத முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறார். அதற்காகவே வசை விழுகிறது: வேலைக்காரன் இவ்வளவு நல்ல இங்கிலீஷ் பேசக் கூடாது, பேசினால் வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்கிறான் அவன். வைத்தியருக்குத் தகுதியாக அமைந்த இங்கிலீஷ் பட்லருக்குக் குற்றமாகிவிடுகிறது. ஒருவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார், மற்றவர் உள்ளே நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறார். இருவரையும் ஓரிடத்தில் நிறுத்தி நாவல் பேசவைப்பதில்லை.

பர்மாத் தமிழர் தம் கதையைச் சொல்லும்போது வைத்தியரின் கதையைத்தான் சொல்கிறோம் என்பது என் எண்ணம். படித்திருந்தும், பணம் இருந்தும், பண்பிருந்தும் நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற மனக்குறை நம் விழா மலர்களிலும் மேடைகளிலும் ஓயாமல் ஒலிக்கிறது. பனிக்கட்டி சுமந்தவரின் பேரன் எங்கே போனான்? அவனை வெள்ளைக்காரன் ஒதுக்கினான், பர்மாக்காரன் ஒதுக்கினான். நாம் என்ன செய்தோம்? நண்பர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

மோல்மீன் பேத்தி

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் முதலில் எனக்குச் சிறிது கோபம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் ஒதுக்கல் இன்னும் முடிந்தபாடில்லை, அதற்குள் உள்வீட்டுக் கணக்கைத் திறக்க வேண்டுமா என்று தோன்றியது.

'கலா' என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாம். மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் குறித்த சொல் அது. வெள்ளைக்காரனையே 'கலா பியூ', அதாவது வெள்ளைக் கலா என்று அழைத்திருக்கிறார்கள். நாற்காலிக்குப் பர்மிய மொழியில் 'கலாதாய்ங்', கடலைப் பருப்புக்குக் 'கலாபே'. வெளியிலிருந்து வந்த நாற்காலியும் பருப்பும் எந்த வீட்டிலும் குறையில்லாமல் வாழ்கின்றன. மனிதரைச் சொல்லும்போது மட்டும் அது வசையாகிவிட்டது. 2017-இல் பேஸ்புக் நிறுவனம் இந்த வசையைத் தடுக்கப் புறப்பட்டபோது, கடலைப் பருப்பைப் பற்றி எழுதியவர்களின் பதிவுகளும் சேர்ந்து நீக்கப்பட்டன. எங்கள் வீட்டில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்கிறேன். அடையாள அட்டை புதுப்பிக்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நம் அட்டையில் இனம் என்று ஓர் இடமும் மதம் என்று ஓர் இடமும் உண்டு. என் அம்மாவழிப் பாட்டி மோன் இனத்தவர். அப்பாவழியில் நான்கு தலைமுறையாக இந்த மண்ணில்தான் பிறப்பும் சாவும். எழுத்தர் என் முகத்தை ஒரு முறையும் அப்பாவின் பெயரை ஒரு முறையும் பார்த்தார்; நான் எழுதிக்கொண்டு போயிருந்த தாளைத் திருப்பியே பார்க்காமல் அவரே ஒன்றை எழுதினார். அங்கீகரிக்கப்பட்ட 135 இனங்களில் தமிழர் இல்லை. 1823-க்கு முன் இங்கே குடியிருந்த இனமா என்பதே 1982 குடியுரிமைச் சட்டத்தின் அளவுகோல். நம் பாட்டன்மார் ஏறிய கப்பல்கள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தவை. முழுக் குடியுரிமைக்கான இளஞ்சிவப்பு அட்டையா, அதற்குக் கீழ்ப்பட்ட நீல அட்டையா, பச்சை அட்டையா என்பதில் பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் தொங்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளே யார் பெரியவர் யார் சிறியவர் என்ற பேச்சுக்கு இது நேரமா, ஐயா?

செட்டிநாட்டுப் பேரன் (தற்போது யாங்கோனில்)

கொன்சேடான் தெரு ஐயாவுக்கு வணக்கம். ஊர்ப்பெயர் சொல்லாவிட்டாலும் யாரை நோக்கிப் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உள்வீட்டுக் கணக்கு என்று தொடங்கினால் பர்மாவில் அது நேராக, வட்டித்தொழில் செய்த செட்டியார்களான எங்கள் பெட்டியடிக்குத்தான் வந்து சேரும். ஆகவே நானே பேசிவிடுகிறேன்.

என் பாட்டனார் பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக மொகல் தெருவுக்கு வந்தவர். அந்தத் தெருவின் இன்றைய பெயர் ஷ்வே பொன் தா தெரு. ஒரு கிட்டங்கியில், அதாவது தொழிலிடமும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடத்தில், பல விலாசங்கள் (வட்டித்தொழில் நிறுவனங்கள்) இருக்கும். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, ஒரு விளக்கு. பகலில் அந்தப் பாயில் கணக்கெழுதி இரவில் அதே பாயில் சுருண்டு படுப்பார்கள். மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. இதைச் செல்வத்தில் புரண்ட வாழ்க்கை என்று எழுதுகிறவர்கள் அந்தப் பாயில் ஓரிரவு படுத்துப் பார்க்கட்டும்.

நிலத்தை விழுங்கியவர்கள் என்ற பழியும் உண்டு. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் எங்கள் கையிலிருந்த விளைநிலம் 6 விழுக்காடுதான். 1937-இல் அது 25 விழுக்காடானது. இடையில் நடந்தது நெல்விலை வீழ்ச்சி. வட்டிக்குப் போன பணம் பணமாகத் திரும்பவில்லை, சேறும் வரப்புமாகத் திரும்பியது. நாங்கள் கொண்டுவிற்க, அதாவது பணத்தொழில் செய்ய, வந்தவர்கள். உழ வந்தவர்கள் அல்லர். அந்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே பலருக்குத் தெரியவில்லை. 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது, அத்தோடு முடிந்தது. வைத்தியரையும் பட்லரையும் போல நாங்களும் வாசலில் நின்றவர்கள்தாம்.

கொன்சேடான் தெருவாசி

செட்டிநாட்டுத் தம்பி, உங்கள் பாட்டனாரின் பாயை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பாயில் படுத்தவருக்கு மூன்றாண்டுக் கணக்கின் முடிவில் அடுத்தாளாகவோ மேலாளாகவோ உயர ஒரு படி இருந்தது. அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவருக்கு அப்படி ஒரு படி இருந்ததா என்பதே என் கேள்வி.

மோல்மீன் அம்மாவுக்கும் ஒரு சொல். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனில் (இன்றைய யாங்கோனில்) இருந்த 4,00,415 பேரில் இந்தியர் 2,12,929 பேர். ஒரு நாட்டின் தலைநகரில் அந்நாட்டு மக்களே சிறுபான்மையாகிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை அழைத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று தொடங்கிய கலவரத்தில் வெட்டுப்பட்டவர்கள் கூலிகள். கூலியைக் குறைத்து வைப்பதற்காக இரு தரப்பையும் மாறி மாறி அழைத்த கம்பெனிக்காரர் வீட்டுக் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கலாம்; ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

பெகு வயற்காரன்

நான் இங்கு அதிகம் எழுதுவதில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நான் கோவில் திண்ணையில் மாலை வகுப்பில் படித்தது. 1960-களில் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்கு வாய்த்த பள்ளி அந்தத் திண்ணைதான்.

என் தாத்தாவின் அப்பாவை இங்கு கொண்டுவந்தவர் மேஸ்திரி, கூலியாட்களைத் திரட்டிவரும் கங்காணி. கப்பல் சீட்டுக்கும் வீட்டில் கொடுத்துவிட்டு வந்த முன்பணத்துக்கும் மேஸ்திரி போட்ட கணக்கு, கூலியில் ஒவ்வொரு மாதமும் பிடித்தம் ஆகும். ஆலைக்காரர் கூலியை மேஸ்திரி கையில் கொடுப்பார். மேஸ்திரி கையிலிருந்து இறங்கும்போது அது எவ்வளவாகும் என்பது மேஸ்திரியின் மனத்தைப் பொறுத்தது. அந்த மேஸ்திரி எந்த நாட்டுக்காரர் என்கிறீர்கள்? எங்கள் ஊர்க்காரர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வெள்ளைக்காரனைத் தாத்தா இரண்டு முறையோ மூன்று முறையோதான் கண்ணால் பார்த்தாராம். அவரை அடித்ததும் திட்டியதும் தமிழில்தான்.

ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றின் முன்மண்டபச் சுவரில் திருப்பணிக்குப் பொருள் கொடுத்தவர்கள் பெயரைப் பொறித்த பளிங்குக் கல் உண்டு. ஆண்டு தேய்ந்துவிட்டது. மேலே விலாசங்கள், பிறகு கடைக்காரர்கள், ஒப்பந்தக்காரர்கள், ஒரு பெரிய மேஸ்திரி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே தொகை. கடைசி வரியில் 'ஆலைக் கூலிகள் வகையில்' என்று இருக்கும். பெயர் இல்லை. ஆனால் அதற்கு நேரே உள்ள தொகையைப் பாருங்கள். முதல் இரண்டு பெயர்களைத் தவிர மேலே உள்ள எந்தப் பெயருக்கும் அது குறைந்ததில்லை. சிறுவனாக இருந்தபோது அந்த வரியை விரலால் தடவி, இதில் எங்கள் தாத்தா எந்த எழுத்தில் இருக்கிறார் என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா பேசாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தீமிதிக்கு விறகு சுமந்தது நாங்கள், தேர் வடம் பிடித்தது நாங்கள், பரிவட்டம் கட்டிக்கொண்டது வேறு குடும்பம். இன்றைக்கும் அதே குடும்பந்தான்.

செட்டிநாட்டு அண்ணன் மனம் நோகக் கூடாது. உங்கள் பாட்டனார் பெயர் ஏதோ ஒரு கல்லில் இருக்கும். அது போதாதா என்று கேட்கவில்லை. இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

சூலியா வீட்டுப் பிள்ளை

வயற்காரர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் கைப்பேசியைக் கீழே வைக்காமல் இருந்தேன். நான் தமிழ் முஸ்லிம். பர்மியர் எங்களைச் சூலியா என்பார்கள். வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேசியதில்லை. என் பாட்டி அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழில், கடிதம் எழுதுவார். இந்த இழையில் இதுவரை வந்த ஒவ்வொரு பதிவிலும் 'நாம்' என்ற சொல் கோவிலின் முன்மண்டபத்தில்தான் நிற்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

அட்டையில் மதம் இஸ்லாம் என்று எழுதியவுடன், இனம் என்ற இடத்தில் நாம் கேட்காமலே வேறொரு நாட்டின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அங்கே போய் 'நான் தமிழன்' என்று வாதாடுகிறேன். பொங்கல் விழாவுக்கு வந்தால் 'பாய்க்கு அந்தப் பக்கம் இலை போடுங்கள்' என்று அன்போடு சொல்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை.

மறுமொழியாளர் (ஊர் குறிப்பிடவில்லை)

இருக்கிற கொஞ்சம் பேரும் பிரிந்து நின்று பழைய புண்ணைச் சொறிவதால் யாருக்கு என்ன இலாபம்? ஒற்றுமை வேண்டிய காலம் இது.

மோல்மீன் பேத்தி

நேற்று நானும் ஏறக்குறைய இதைத்தான் எழுதினேன். வயற்காரர் அண்ணன் சொன்ன கல்லுக்குப் பிறகு அதை எழுதக் கை வரவில்லை. சூலியா வீட்டுத் தம்பி, கோவில் திண்ணையை நாங்கள் கவனிக்காமலே 'நாம்' ஆக்கிவிட்டோம். நீங்கள் சொன்னது சரி.

வியாசர்பாடியிலிருந்து

என் அம்மா பிறந்தது ரங்கூனில். நான் பிறந்தது சென்னையில். ஆண்டுக்கொரு முறை யாங்கோனுக்கு வந்து தங்கிப் போகிறவள். இழை இலக்கியத்தில் தொடங்கியது, ஆகவே நானும் இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர் இந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். கப்பலிலும் விமானத்திலும் இடம் பிடிக்கப் பணமோ பதவியோ இல்லாதவர்கள் காட்டுவழியே நடந்தார்கள். அந்த நடையைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரும் பதிவு வெ. சாமிநாத சர்மா எழுதிய 'எனது பர்மா வழி நடைப் பயணம்'. அவர் ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்தியவர். மனைவியோடு நடந்தார், எழுத்தாளராக எழுதினார். அந்நூலை நான் கைகூப்பித்தான் படிக்கிறேன். ஆனாலும் முன்னும் பின்னும் நடந்த மூட்டைக்காரரும் வண்ணாரும் ஆலைக்கூலியும் எழுத்தறிந்திருந்தால் அதே காடு வேறு மாதிரி இருந்திருக்கும் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் வருகிறது. இந்திய எல்லையை ஒட்டிய தமு வழியில் வெள்ளையருக்கு ஒரு பாதையும் மற்றவர்க்கு ஒரு பாதையும் ஒதுக்கப்பட்டதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்க்கான அந்தப் பாதைக்குள்ளேயே இருந்த பாதைகளை யாரும் எழுதவில்லை.

1952-இல் வந்த 'பராசக்தி' படம் எல்லாரும் பார்த்ததுதான். நீதிமன்றக் காட்சியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா எழுந்து போய்விடும் காட்சி வேறு. ரங்கூனிலிருந்து நடந்துவந்து நீதிபதியாகிவிட்ட அண்ணன், தன் வீட்டு வாசலில் பசியோடு வந்து நிற்கும் தங்கையை, தங்கை என்று தெரியாமலே துரத்துகிறான். இன்னோர் அண்ணன் காலை இழந்து பிச்சைக்காரர்களோடு இருக்கிறான். அகதியாக ஒரே வழியில் நடந்தவர்கள், வந்து சேர்ந்த இடத்தில் எவ்வளவு விரைவில் மேலும் கீழுமாகப் பிரிந்துவிடுகிறார்கள் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

எங்கள் குடும்பம் வந்தது 1964-க்குப் பிறகு. மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், பிறகு கப்பல். சென்னையில் இறங்கிய அம்மா கைலி கட்டியிருந்தார், கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தார். குழாயடியில் 'பர்மாக்காரி' என்று பெயர் வைத்தார்கள். ஆம்பிளை மாதிரி கைலி கட்டுகிறவள் என்று பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அங்கே கலா, இங்கே பர்மாக்காரி. இன்று அதே வியாசர்பாடியில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை முன் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அம்மா அந்தப் பக்கம் போகும்போது முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார், ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டார். சென்னையில் பொறுக்க முடியாமல் மீண்டும் பர்மாவுக்கே நடக்கப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மொரேவில் தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே அங்காள பரமேசுவரிக்குக் கோவில் கட்டி, எந்த நாட்டையும் முழுதாகச் சேராமல் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனைபேர் செட்டியார், எத்தனைபேர் கூலி என்று பார்த்தால் ஐயாவின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

செட்டிநாட்டுப் பேரன்

அக்கா எழுதியதில் கடைசி வரி சரியானது. எங்களுக்குத் திரும்பிப் போக ஊரில் வீடு இருந்தது. பூட்டிக் கிடந்தாலும் வீடு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வயற்காரர் தம்பி, அந்தக் கல்லின் படத்தை அனுப்ப முடியுமா? மேலே உள்ள விலாசங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். ஊர்ப் பழைய வீட்டில் கணக்கேடுகள் சில கிடக்கின்றன. நன்கொடை பற்று எழுதும்போது வசூலித்தவர் யாரிடமிருந்து எவ்வளவு என்று துணுக்குச் சீட்டு வைப்பது வழக்கம். கூலிகள் பெயர் கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், தேடுகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எல்லாரையும் தங்கள் பாட்டன் யாரென்று சொல்லவைத்துவிட்டீர்கள். உங்கள் பாட்டனார் வைத்தியரா, பட்லரா?

பெகு வயற்காரன்

ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன், அண்ணே. சுவரில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது, துடைக்க வேண்டும்.

கொன்சேடான் தெருவாசி

கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கும் காரணம் அதுதான்.

எங்கள் பூசையறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் பித்தளை வில்லை ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அகலம், நடுவில் ஏதோ முத்திரை, சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கித் துலக்கி எழுத்து மழுங்கிவிட்டது. கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார், அது அந்தப் பதவிக்குக் கொடுத்த பதக்கம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். என் திருமணப் பேச்சின்போதுகூட மாப்பிள்ளை வீட்டுப் பெருமையாக அதை எடுத்துக் காட்டினார்கள்.

நாவலை மூடிவைத்த இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். மழுங்கிய எழுத்தில் 'கிளப்' என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்தது. பின்புறத்தில், இடுப்புப் பட்டையில் கோத்துக்கொள்ள இரண்டு வளையங்கள். காலையில் அம்மாவிடம் காட்டினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு, 'எனக்கு முன்னமே தெரியும்' என்றார்.